துடிப்பை எண்ணிய மூன்றாவது ஆள்

இதில் ஒரு சொல்லை நான் கூட்டிச் சொன்னதாகத் தோன்றினால், எங்கள் வீட்டில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், தாராளமாக அவர்களிடம் விசாரித்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் இருக்கிறார். அவருடைய தம்பி இருக்கிறான். என் மாமனார் இருக்கிறார். நான்காவது ஆளிடம்தான் இனிமேல் எதையும் விசாரிக்க முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, அணைந்து அணைந்து எரியும் விளக்கு என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, பாத்திரம்கூடக் கழுவாத நேரம். சனிக்கிழமை, 2.12 மணியிலிருந்து 2.49 மணி வரை.

இதில் முழுக்க முழுக்க மாட்டிக்கொண்டவன் என் கொழுந்தன். கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் ஐந்து நாள் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பான். வீடு இடிந்து விழுந்தாலும் "ஒரு நிமிஷம் அண்ணி" என்பான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் உடனே ஒரு மீட்டிங் வந்துவிடும். மற்றபடி தங்கமான பையன். அப்பா என்றால் உயிர்.

போன வருஷம் மாமாவுக்கு மாரடைப்பு வந்து பிழைத்தார். அதிலிருந்து கொழுந்தனுக்குத் தூக்கம் போயிற்று. அவன் வேலை செய்யும் கம்பெனி இதய நோயாளிகளுக்கு ஒரு கைப்பட்டை செய்கிறது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு துடிப்பும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து மகன், மகள், டாக்டர் என்று யார் பார்க்க வேண்டுமோ அவர்களுடைய திரைக்கு ஓடி வரும். சோதனை செய்ய எட்டுப் பேருக்குக் கொடுத்தார்கள். அதில் ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடி அப்பாவுக்கு வாங்கி வந்தான்.

மாமாவுக்குப் பட்டை பிடிக்கவே இல்லை.

"கை அரிக்குதுடா. நான் என்ன, ஓடிப்போற மாட்டா? மணி கட்டி விடுற?"

"அப்பா, குளிக்கிறப்ப மட்டும் கழட்டுங்க. மத்தபடி தொடக்கூடாது. சொல்லிட்டேன்."

என் மாமியார், அத்தைதான் சமாதானம் செய்வார். "விடுங்களேன், புள்ள ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான்." அத்தையின் குணம் அது. வீட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை வரக்கூடாது. அதற்காக என்ன பாரத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்வார்.

ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகுதான் சின்னச் சின்னதாக ஏதோ இடித்தது.

ஒரு நாள் காலை 5.40. மாமா கட்டிலில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு குறட்டை விடுகிறார். கொழுந்தன் கையில் ஃபோனோடு பக்கத்தில் நிற்கிறான். திரையில் துடிப்பு நூற்றுப் பத்து. தூங்குகிறவருக்கு நூற்றுப் பத்தா? தட்டி எழுப்பினான். வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இன்னொரு நாள் மாமா குளிருக்குக் கை நீளச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். திரையில் யாரோ மாடிப்படி ஏறுவதுபோல் எண் ஏறுகிறது. பிறகு இன்னும் மோசம். நடு நடுவே ஒரு துடிப்பு காணாமல் போனது. ஒன்று, ஒன்று, ஒன்று... வெற்றிடம்... ஒன்று.

பதறிப்போய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் இவனை வெளியே உட்காரவைத்து ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பாவோட இதயம் நல்லாத்தான் ஓடுது தம்பி. உங்க மெஷினைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், கொழுந்தனுக்குப் பிடிபட்டுவிட்டது. குற்றம் மெஷினில்கூட இல்லை, நடுவில் டேட்டாவை எடுத்துக் கொடுக்கும் இன்டர்ஃபேஸில் இருக்கிறது என்று முடிவு கட்டினான். எனக்கும் புரியும்படிச் சொன்னான். பழைய ஏற்பாட்டில் குழாய் எப்போதும் திறந்தபடி கிடக்கிறது. கீழே குடம் இருக்கிறதா, நிரம்பிவிட்டதா என்று பார்க்காமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பிடிக்க முடியாதது சிந்திப்போகிறது, சில சமயம் எங்கேயாவது தேங்கி நின்று தாமதமாக வருகிறது. நேற்றுச் சாயங்காலம் அப்பா நடந்தது இன்று காலை தெரிகிறது. துடிப்பு விட்டுப்போகவில்லை, டேட்டாதான் விட்டுப்போகிறது.

"புதுசுல அப்படி இல்ல அண்ணி. வாங்கறவங்க கேட்டாத்தான் கொடுக்கும். ஒண்ணு வேணும்னா ஒண்ணு. நூறு வேணும்னா நூறு. போதும்னா நிறுத்திடும். யார் யார் வாங்கறாங்க, எத்தனை கேட்டாங்கன்னு கண்ணால பாக்கலாம்."

மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து அதை மாற்றி எழுதினான். அத்தை இரண்டு வேளையும் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மாடிக்கு எடுத்துக்கொண்டு போவார். பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். முழங்கால் என்பார். நாங்களும் முழங்கால் என்றுதான் நினைத்தோம்.

புதன்கிழமை காலை 11.25. நான் தேநீர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். புதிய இன்டர்ஃபேஸை முதன்முதலாக அப்பாவின் பட்டைக்கு மாற்றியிருந்தான். அறை முழுக்க ஒரே சத்தம்.

டிக்... டக்... டிக்... டக்...

"என்ன தம்பி, கடிகாரக் கடை வச்சிட்டியா?"

அவன் சிரித்தான். "அப்பாவோட துடிப்பு அண்ணி. யாராவது அடுத்ததைக் கேட்டா சத்தம் வர்ற மாதிரி வச்சிருக்கேன். டிக்னா என் ஃபோன். டக்னா ஆபீஸ்."

நான் ஒரு நிமிஷம் கேட்டேன்.

"அப்ப அந்த மூணாவது?"

"எந்த மூணாவது?"

டிக்... டக்... த்த்...

மரக்கதவை யாரோ நகத்தால் மெதுவாகத் தட்டுவதுபோல். டிக்குக்கும் டக்குக்கும் பிறகு, ஒவ்வொரு முறையும். த்த்.

கொழுந்தன் திரையைப் பார்த்தான். பெறுபவர் பட்டியலில் முதல் வரி: வீடு. இரண்டாவது வரி: அலுவலகம். அதற்குக் கீழே இன்னொரு வரி. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பக்கத்தில், வேண்டும்: 1.

ஒரு துடிப்பு போனது. மறுபடி, வேண்டும்: 1.

"ஆபீஸ்ல எவனோ விளையாடறான்" என்றான். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அப்படி ஒரு ஒலியை அவன் வைக்கவே இல்லை என்று பிறகுதான் என்னிடம் சொன்னான்.

அவனுடைய டீம் லீடர் நாற்பது வயதுப் பெண்மணி, பேச்சில் கறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"உங்கப்பா லைன்ல நம்ம பக்கத்துல ஒரே ஒரு ஆள்தான். வேற யாரும் இல்ல. பெர்மிஷனே கிடையாது."

அந்த வரியை வெட்டிவிட்டான். போயிற்று. அடுத்த துடிப்பில் திரும்ப வந்தது.

கடவுச்சொல்லை மாற்றினான். வந்தது.

வியாழக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினான். அனுமதி மறுக்கப்பட்டது என்று திரை சொல்லும். சொல்லிக்கொண்டே அதற்கும் ஒரு துடிப்பை எடுத்துக் கொடுக்கும். எங்கிருந்து கேட்கிறது என்று தேடினான். எல்லாப் பெறுபவருக்கும் ஒரு முகவரி இருந்தாக வேண்டும். இதற்கு இல்லை. வெள்ளிக்கிழமை ஒலிப்பானையே அணைத்துவிட்டான். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் விரல் மேசையில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு ஒண்ணா கேக்குது அண்ணி. அவசரமே இல்ல. யாரோ அப்பா நெஞ்சுல காது வச்சுக் கேக்கற மாதிரி இருக்கு."

நான் திட்டினேன். வாயைக் கழுவு என்றேன்.

சனிக்கிழமை. மத்தியானம் 2.12.

மாடியில் நாற்காலி விழும் சத்தம். அடுத்த நொடி லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு கொழுந்தன் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணா! ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு!"

திரையில் மூன்றாவது வரி. வேண்டும்: 3000. அதற்குப் பக்கத்தில் பெறுபவர் வைக்கும் ஒரு குறி. அதை வைத்தால், இதோடு போதும், இதற்குமேல் வேண்டாம் என்று அர்த்தம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 2988 ஆயிற்று. 2987. 2986.

என் வீட்டுக்காரர் எதையும் லேசில் நம்பாத மனுஷர். தம்பியின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போனை எடுத்தார். இருபத்தைந்து நிமிஷத்தில் வருகிறோம் என்றார்கள்.

மாமாவை எழுப்பிக் கூடத்துச் சோபாவில் படுக்கவைத்தோம். அவருக்கு ஒரே எரிச்சல். குளிர் என்று மேலே கம்பளி, கை நீளச் சட்டை. நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று புலம்பினார். கொழுந்தன் அவர் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளைபோல் அழுதான்.

"டேய், எனக்கு ஒண்ணும் இல்லடா. என்னடா ஆச்சு உனக்கு?"

2140. 2139.

அத்தை தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். "யாராச்சும் ஒரு வாய் குடிங்க. ஏன் எல்லாரும் இப்படிப் பயமுறுத்துறீங்க?"

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரும்மா. தள்ளி நில்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

அத்தை தள்ளி நின்றார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணாலேயே வேண்டாம் என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

2.40க்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு நர்ஸும் இரண்டு ஆட்களும். மாமாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பில் கம்பிகளை ஒட்டினார்கள். அவர்களுடைய மெஷின் பீப்... பீப்... என்று நிதானமாகச் சத்தம் போட்டது.

"அறுபத்தெட்டு" என்றார் நர்ஸ். "அருமையா இருக்கு. யாருக்கு உடம்பு சரியில்லன்னு கூப்பிட்டீங்க?"

எனக்கு உயிர் வந்தது. என் வீட்டுக்காரர் தம்பியை ஒரு முறை முறைத்தார். அத்தைகூட, "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டு, "மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி காயுது" என்று சொல்லிக்கொண்டே போனார். நீங்க இருங்க, நான் போகிறேன் என்றுகூட எங்களில் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எல்லோருடைய கண்ணும் மாமா மேலேயே இருந்தது.

கொழுந்தன் மட்டும் எழுந்திருக்கவில்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

360.

நர்ஸின் மெஷினில் அறுபத்தெட்டு. அவன் திரையில் தொண்ணூற்றேழு.

நூற்று நான்கு.

மாமா சோபாவில் அசையாமல் படுத்திருக்கிறார். திரையில் நூற்றுப் பதினெட்டு. எண் ஏற ஏற, மூன்றாவது வரி வேகமாகக் குறைந்தது.

310... 300...

லேப்டாப்பின் ஒலிப்பான் அணைந்துதான் கிடந்தது. ஆனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தார்.

த்த். த்த். த்த்.

அந்த பீப்பும் இந்தத் தட்டலும் ஒத்துப்போகவில்லை. ஒன்று நடக்கிறது. ஒன்று படி ஏறுகிறது.

கொழுந்தன் பாய்ந்து மாமாவின் சட்டைக் கையை மேலே இழுத்தான்.

மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"அப்பா... பட்டை எங்கப்பா?"

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அரிச்சுதுடா... நீ திட்டுவ... அதான் உங்கம்மா கையில..."

240.

அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அம்மா!"

எல்லோரும் மாடிப்படிக்கு ஓடினார்கள். கொழுந்தன், நர்ஸ், ஆட்கள், என் வீட்டுக்காரர். மாமா கம்பிகளோடு எழப் பார்த்தார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அதனால் நான் மட்டும் கீழே இருந்தேன். அதனால் அவன் விட்டுப்போன லேப்டாப் திரையை நான் மட்டும் பார்த்தேன்.

90.

மேலே துணிக்கொடி அறுந்து விழும் சத்தம்.

41. ஒன்று... ஒன்று... வெற்றிடம்... ஒன்று.

12.

"அம்மா... அம்மா... இங்க பாரும்மா..."

3.

2.

1.

த்த்.

மூன்றாவது வரி மறைந்தது. மணி 2.49.

நர்ஸ் இருந்தார். மருந்து இருந்தது. மின்சாரம் கொடுத்து நெஞ்சை உசுப்பும் மெஷின் வாசலிலேயே நின்றது. இவ்வளவும் வீட்டுக்குள் இருந்தும் அத்தையைக் காப்பாற்ற முடியவில்லை. ஈரம் காயாத ஒரு போர்வையை மார்போடு அணைத்தபடி விழுந்து கிடந்தார். ஸ்வெட்டரின் கைக்குள்ளே பட்டை.

காணாமல் போன துடிப்புகள் எல்லாம் காணாமல் போகவே இல்லை. அத்தையின் இதயம் உண்மையிலேயே விட்டு விட்டுத்தான் துடித்திருக்கிறது. மூன்று வாரம் அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இவன் அதை டேட்டாவின் கோளாறு என்று திருத்திக்கொண்டிருந்தான். அதை நினைத்து நினைத்துக் கொழுந்தன் பாதியாகிவிட்டான். நாங்களும் சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டோம். எதுவும் எடுபடவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த டீம் லீடர் வீட்டுக்கு வந்தார். கறாரான பேச்சு எங்கேயோ போயிருந்தது. கொழுந்தனிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். மாமா, "எதுவா இருந்தாலும் என் முன்னாடி பேசும்மா" என்றார்.

பழைய இன்டர்ஃபேஸில் யார் வாங்குகிறார்கள் என்று தெரியாது. எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற எண் மட்டும் எங்கேயோ ஒரு மூலையில் பதிவாகிக்கொண்டிருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவர் பார்த்திருக்கிறார்.

"புதுசா மாத்தினப்ப வந்த ஆள் இல்ல அது. முன்னாடியே இருந்திருக்கு. பட்டை கட்டின நாள்லேருந்து ரெண்டு பேர், ரெண்டு பேர்னுதான் இருக்கு. ஒரு மாசம் கழிச்சு, ஒரு வியாழக்கிழமை காலையில மூணு ஆயிருக்கு."

தேதியைச் சொன்னார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் விரலால் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தார்.

"அன்னிக்குத்தான் அவ கையில கட்டினேன்" என்றார். "எத்தனை மணிக்கும்மா?"

"காலையில 7.06."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"நாலு தடவ பாத்துட்டேன் சார். 7.06."

"ரேடியோவுல ஏழேகால் நியூஸ் ஆரம்பிச்சுது" என்றார் மாமா. ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அப்பத்தான் குளிக்கப் போலாம்னு கழட்டினேன். கழட்டி அவ கையில மாட்டி விட்டேன். பசங்ககிட்ட சொல்லாதேன்னேன். சரிங்கன்னா."

7.06க்கு அந்தப் பட்டை மாமாவின் கையில்தான் இருந்தது. ஒன்பது நிமிஷம் அது மாமாவின் துடிப்பைத்தான் வாங்கியிருக்கிறது.

யார் அது, எங்கிருந்து வந்தது, கை மாறியது அதற்குத் தெரியுமா தெரியாதா... எதுவும் இன்றுவரை விளங்கவில்லை. கம்பெனி புதிய இன்டர்ஃபேஸை வெளியிட்டுவிட்டது. பெறுபவர் பட்டியலை மட்டும் எடுத்துவிட்டார்கள். கொழுந்தனின் லேப்டாப்பில் இருக்கும் பழைய சோதனைப் பிரதியில்தான் அது இன்னும் தெரிகிறது.

பட்டை இப்போது மாமாவின் கையில் இருக்கிறது. அவரே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. அரிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

தினமும் காலையில் கொழுந்தன் மாடியிலிருந்து இறங்கி வரும்போது படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருப்பார்.

"எத்தனை பேருடா?"

"ரெண்டு பேர்தாம்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்பா. ரெண்டுதான்."

அவர் முகம் விழுந்துவிடும். மெதுவாகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.